அனுப்பப்படாத கட்டுரைகள்

தாழ்ச்சி என்னும் புண்ணியத்தின் பெயரால் நம்மிடையே பல காரியங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்று புண்ணியமே அன்று என்பதை எடுத்துரைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு ஏற்பட்டிருக்கிறது. அக்கட்டாயத்தை ஏற்படுத்தியவர், தியாகராய நகரின் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாகப் பணிபுரியும் ஓர் இளம் சகோதரி. தூத்துக்குடிக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். கடைக்காரர் நடத்தும் விடுதியில் தங்கியிருக்கிறார். ஞாயிறன்றும் கடை உண்டு. ஆகவே விடியற்காலைத் திருப்பலிக்கு வந்துவிட்டு, அப்படியே ரங்கநாதன் தெருவின் கூட்டத்துக்குள் மறைந்துபோவார்.

ஒருநாள் திருப்பலி முடிந்து வெளியே வந்த என்னை அவர் தயங்கித் தயங்கி அணுகினார். “ஐயா, நீங்க பத்திரிகைக்கு எழுதுவீங்களாமே? நான் கொஞ்சம் எழுதி வச்சிருக்கேன். பார்த்துச் சொல்றீங்களா?” என்று தம் கைப்பேசியை நீட்டினார். அதில் ஆறு கட்டுரைகள் இருந்தன. விடுப்பு நாள்களில் பாண்டி பஜார் நடைபாதையில் போட்டிருக்கும் இருக்கைகளில் அமர்ந்து, கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதியவை. நாளெல்லாம் நிற்கிறவருக்கு உட்கார்ந்து எழுத அந்த நகரம் தந்த இடம் அது ஒன்றுதான்.

ஆறனுள் ஒன்று, நிற்பதைப் பற்றியது. காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கும் பெண்களின் குதிகாலைப் பற்றியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது என்னும் எழுதப்படாத விதியைப் பற்றியது. 2021-ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்றம், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் பணிபுரிவோர் அனைவருக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018-லேயே இத்தகைய திருத்தத்தைச் செய்திருந்தது. சட்டம் வந்தபின் தம் பிரிவுக்கு ஒரு முக்காலி வந்ததையும், வந்த சில நாள்களில் அதன்மேல் துணிக்கட்டுகள் ஏறியமர்ந்ததையும், துணி உட்கார்ந்திருக்கத் தாங்கள் நின்றிருப்பதையும் அச்சகோதரி எழுதியிருந்தார். கோபமில்லை, அலங்காரமில்லை, கண்டது மட்டுமே இருந்தது. இந்நகரைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். அந்த முக்காலியை எவரும் எனக்குக் காட்டியதில்லை.

“எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாய் அம்மா?” என்று கேட்டேன். எதற்கும் அனுப்பவில்லை. ஓர் இதழின் மின்னஞ்சல் முகவரியைத் தட்டி, கட்டுரையையும் இணைத்து, ‘அனுப்பு’ என்னும் பொத்தான்வரை வந்து, இரண்டு மாதங்களாக அங்கேயே நிற்கிறாராம். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னவற்றை அப்படியே தருகிறேன்: “பிளஸ் டூதான் படிச்சிருக்கேன், பிழை இருக்கும். கடையில தெரிஞ்சா வேலை போயிடும். யாராவது எடுத்து அவங்க பேர்ல போட்டுக்கிட்டா என்ன செய்யறது? அனுப்பினாலும் பதிலே வராதுன்னு சொல்றாங்க. எல்லாத்துக்கும் மேல, நீ யாருடி எழுதறதுக்குன்னு கேட்டுட்டாங்கன்னா?”

இறுதிக் கேள்வி வானத்திலிருந்து விழுந்ததன்று. பக்திசபை ஒன்றில் மூத்தவராயிருக்கும் ஒருவர் அவரிடம், “எழுத்து, பேர், புகழ் எல்லாம் பெருமை, நமக்குத் தாழ்ச்சிதான் அழகு” என்று அறிவுரை கூறியிருக்கிறார். கூறியவர் நல்லவர். ஆயினும் அந்த அறிவுரை தவறானது. ஏன் தவறு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் முதல் வேலை.

தாலந்து உவமையை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஐந்து தாலந்து பெற்றவன், இரண்டு பெற்றவன், ஒன்று பெற்றவன் என்று எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஆனால் மூன்றாமவன் தன் செயலுக்குக் கூறும் காரணத்தைக் கவனித்தோமா? அவன் சோம்பலைக் காரணமாகச் சொல்லவில்லை. குடித்தேன், சூதாடினேன் என்றும் சொல்லவில்லை. அஞ்சினேன், ஆகவே புதைத்தேன் என்கிறான். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் தண்டனை பெறுவது அந்த அச்சமே. அவன் ஒரு காசையும் களவாடவில்லை. பெற்றதை அப்படியே திருப்பித் தந்தான். இருந்தும் தலைவன் அவனைத் தாழ்ச்சியுள்ளவன் என்று மெச்சவில்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை இன்னும் தெளிவாக வகுத்துரைக்கிறார். தன் ஆற்றலுக்கு மீறியதற்கு ஆசைப்படுவது செருக்கு என்றால், தன் ஆற்றலுக்கு உட்பட்டதையே செய்யாமல் பின்வாங்குவது சிறுமனம். அதுவும் பாவமே என்பது அவருடைய முடிவு. அதற்கு அவர் காட்டும் சான்றும் இந்த மூன்றாம் ஊழியனே. ஆக, தாழ்ச்சிக்கும் சிறுமனத்துக்கும் இடையே உள்ள கோடு பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வரையப்பட்டுவிட்டது. அதனை அழித்துவிட்டு, அஞ்சுகிறவரைப் பார்த்து, ‘என்ன தாழ்ச்சி, என்ன அடக்கம்!’ என்று வியந்துகொண்டிருப்பது நாம்தான்.

மோசே தமக்கு நாவன்மை இல்லை என்றார். எரேமியா தாம் சிறுபிள்ளை என்றார். இருவருடைய சாக்கையும் ஆண்டவர் ஏற்கவில்லை. மோசே மீண்டும் மீண்டும் மறுத்தபோது ஆண்டவருக்குச் சினமே மூண்டது என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. ‘நீ யார்?’ என்ற கேள்வியைத் திருச்சபையும் பொதுநிலையினரிடம் கேட்பதில்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தன் 212-ஆம் எண்ணில், திருச்சபையின் நலன் சார்ந்தவற்றில் தம் கருத்தை மேய்ப்பர்களுக்கும் ஏனைய விசுவாசிகளுக்கும் தெரிவிக்கப் பொதுநிலையினருக்கு உரிமை உண்டு என்கிறது. சில வேளைகளில் அது கடமையும் ஆகும் என்கிறது. விசுவாசத்தையும் நன்னெறியையும் காத்து, மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோடு இதனைச் செய்யவேண்டும் என்பதும் அதே எண்ணில் உண்டு. மரியாதையை நாம் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டோம், கடமையை மறந்துவிட்டோம்.

அச்சகோதரி பிறந்த மண்ணின் வரலாற்றை எண்ணும்போது இந்த மறதி இன்னும் வேதனை தருகிறது. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல் அது. தமிழ் எழுத்துகளில் அச்சான நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றுள் மிகப் பழையது. அதனை ஆக்கியவர் போர்த்துக்கல் நாட்டு அன்ரிக் அடிகளார். அதற்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளித்துறையின் கடற்கரை மக்கள். அரசரும் வள்ளலும் அதற்குப் பணம் தரவில்லை; மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கியவர்கள் தந்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது; 1586-இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. அச்சு என்னும் புதிய கருவி இந்நாட்டுக்கு வந்தபோது, ‘நமக்கு எதற்கு இந்தப் பெருமை?’ என்று அவர்கள் விலகி நின்றிருந்தால், தமிழ் அச்சின் வரலாறு வேறாயிருந்திருக்கும். அம்மக்களின் வழிவந்த ஒரு பெண், நானூறு ஆண்டுகளுக்குப் பின், இணையம் என்னும் புதிய கருவியின் முன் கைநடுங்கி நிற்கிறார். நாமோ அந்நடுக்கத்தைப் புண்ணியம் என்கிறோம்!

இன்னொருவரையும் நினைவுகூர்வோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம்மைப் போன்ற கத்தோலிக்கப் பொதுநிலையினரே. 1826-இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் குளத்தூரில் பிறந்து முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அவரால் வெளிவந்தபோது, தமிழில் நாவல் என்று காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க முன்மாதிரி இல்லை. தமிழில் உரைநடை நூல்கள் குறைவாயிருப்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அக்குறையைத் தீர்க்கவே எழுதினேன் என்று அவர் தம் முன்னுரையில் காரணம் கூறினார். குறை இருக்கிறது, ஆகவே எழுதுகிறேன் என்பதுதான் தாழ்ச்சி. குறை இருக்கட்டும், நான் யார் என்று ஒதுங்குவது வேறு.

எழுத்தாளர்களின் பாதுகாவலராக 1923-இல் பதினொன்றாம் பத்திநாதரால் அறிவிக்கப்பட்ட புனித பிரான்சிஸ் சலேசியாரும் இத்தகைய ஓர் இக்கட்டில் நின்றவரே. 1594-இல் ஷாப்லே பகுதிக்குச் சென்ற இளங்குருவின் மறையுரையைக் கேட்க அங்கிருந்தோர் வரவில்லை. ஆகவே அவர் துண்டுத் தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் அடியில் செருகினார். கதவுக்கு அப்பால் அத்தாள் படிக்கப்பட்டதா, அடுப்புக்குப் போனதா என்பது செருகிய கணத்தில் அவருக்குத் தெரியாது. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் இன்றைய புதிய எழுத்தாளரின் நிலையும் அதுவே. தெரியாது என்பதற்காக அவர் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளவில்லை.

இதுவரை எழுதுகிறவரின் பக்கத்தை நோக்கினோம். இங்கேயே நிறுத்திவிட்டால் அது அநீதியாகும். ஏனெனில் அந்த நடுக்கத்தில் பாதி அச்சகோதரியுடையது அன்று. பெற்றுக்கொண்டு பதில் கூறாத நம்முடையது. ‘நம்முடையது’ என்று வேண்டுமென்றே எழுதுகிறேன். பங்கு மலர் ஒன்றின் ஆசிரியர் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வந்த மின்னஞ்சல்களுள் எத்தனைக்கு மறுமொழி எழுதினேன் என்று எண்ணிப் பார்த்தால், ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகவேண்டியவன் நானே.

தபால் காலத்தை எண்ணிப் பாருங்கள். முழுத்தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, ஓரம் விட்டு, சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்து அனுப்புவோம். பிடிக்கவில்லையென்றால் அந்த உறை திரும்பி வரும். தெருமுனையில் தபால்காரரைக் கண்டதும் நெஞ்சு படபடக்கும். கனத்த உறை என்றால் முகம் வாடும். ஆயினும் அது ஒரு பதில். ‘உன் கட்டுரை எங்கள் கைக்கு வந்தது, பார்த்தோம், வேண்டா, இனி நீ வேறிடத்துக்கு அனுப்பலாம்’ என்னும் நான்கு செய்திகள் அத்திரும்பிய உறையில் இருந்தன. இன்று எழுத்து ஒரு நொடியில் போகிறது. ஆனால் எதுவும் திரும்பி வருவதில்லை. சேர்ந்ததா என்று தெரியாது. வேண்டாதவற்றின் கூடைக்குள் விழுந்ததா என்று தெரியாது. படித்துச் சிரித்தார்களா, படிக்கவே இல்லையா என்று தெரியாது. ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பக்கூடாது என்னும் நாகரிகத்தைக் காப்பவர், முதல் இதழின் மௌனத்துக்குள் எத்தனை மாதம் சிறையிருப்பது? அனுப்புவது எளிதாகிவிட்டது என்று பெருமை கொள்கிறோம். எளிதானது அனுப்புதல் மட்டுமே. காத்திருத்தல் முன்னைவிடக் கொடிதாகிவிட்டது.

“நாள்தோறும் குவிகிறது; எல்லாருக்கும் பதில் எழுத ஆளேது?” என்பர் ஆசிரியர்கள். உண்மைதான். நம் இதழ்கள் பெரும்பாலும் ஓர் அருள்தந்தையும் ஓர் உதவியாளரும் சேர்ந்து, ஏனைய பத்துப் பணிகளுக்கிடையே நடத்துபவை. ஆனால் ஒவ்வொருவருக்கும் திறனாய்வு எழுதித் தருமாறு எவரும் கேட்கவில்லை. ‘பெற்றோம், எட்டு வாரத்துக்குள் எங்களிடமிருந்து செய்தி இல்லையெனில் வேறிடத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தை ஒருமுறை எழுதி வைத்தால், வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் கணினியே அதனை மறுமொழியாக அனுப்பிவிடும். அதற்குச் செலவில்லை. இல்லாதது நேரமா, எண்ணமா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தட்டுகிறவருக்குத் திறக்கப்படும் என்று போதிக்கும் நாம், ‘யாரது?’ என்றாவது உள்ளிருந்து குரல் கொடுக்கவேண்டாமா?

மௌனத்துக்கு நாம் அணிவித்திருக்கும் பக்திப் பெயர் ‘பொறுமை’. ஊதியம் இன்மைக்கு அணிவித்திருக்கும் பெயர் ‘சேவை’. இதனையும் சொல்லிவிடுகிறேன். மறைமாவட்ட இதழ் ஒன்றால் சன்மானம் தர இயலாதிருக்கலாம்; அது குற்றமன்று. முன்கூட்டியே சொல்லிவிட்டால் விரும்புகிறவர் காணிக்கையாகத் தருவார். ஆனால் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமலிருப்பதும், கேட்டவரை ‘இறைப்பணிக்குக் கூலி கேட்கிறாயே’ என்று கூனிக்குறுக வைப்பதும் வேறு. வேலையாள் தன் கூலிக்கு உரிமையுடையவர் என்று ஆண்டவரே உரைத்திருக்கிறார். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு எச்சரித்திருக்கிறார். வயலுக்குப் பொருந்துவது எழுதும் மேசைக்கும் பொருந்தும். வெளியே வேறொரு கூட்டமும் இருக்கிறது: புதியவரின் ஆவலை அறிந்து, ‘உங்கள் படைப்பைத் தொகுப்பில் சேர்க்கிறோம், இவ்வளவு பணம் அனுப்புங்கள்’ என்று கேட்பவர்கள். நல்ல இதழ் எதுவும் எழுதுகிறவரிடம் பணம் கேட்பதில்லை என்பதைப் புதியவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இனி, அச்சகோதரி கூறிய அச்சங்களுக்கு வருவோம். அவற்றை ‘வீண்பயம்’ என்று தள்ளிவிடுவது எளிது. விடை கூறுவதே முறை.

பிழை இருக்கும் என்கிறார். இருக்கும், திருத்துவதற்குத்தான் ஆசிரியர் இருக்கிறார். கணினிப் பிழைகளைப் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஓரிடத்தில் தட்டியது மற்றோரிடத்தில் புரியாத குறிகளாய்த் தெரியும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு இதற்கு ஒழுங்கு தேடியது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்று கைப்பேசியில் தட்டும் தமிழ், உலகெங்கும் அதே தமிழாகவே தெரிகிறது. ஆயினும் பழைய எழுத்துருவிலேயே பக்கம் அமைக்கும் அச்சகங்கள் இன்னும் உள்ளன. அங்கே மாற்றும்போது சில எழுத்துகள் சிதையலாம். அது எழுதியவரின் குற்றமன்று. அச்சுக்கு முன் ஒருமுறை பார்க்கத் தருமாறு கேட்பதில் தவறில்லை.

களவு போகும் என்கிறார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், எழுதிய கணத்திலேயே உரிமையை எழுதியவருக்குத் தருகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவ்வுரிமை அவர் வாழ்நாளுக்கும், அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதுவதை இதழ்களில் வெளியிடும் உரிமை, வேறு உடன்பாடு இல்லையெனில், நிறுவனத்துக்கு உரியது. வெளியிலிருந்து தனித்து எழுதுபவருக்கு இது பொருந்தாது. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்துமூலம் கையெழுத்திட்டே தரவேண்டும். அதில் காலம் குறிக்கப்படவில்லையெனில் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படவில்லையெனில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. உரிமையை விற்றுவிட்ட பின்னரும், இது என் எழுத்து என்று கூறிக்கொள்ளும் உரிமை எழுதியவரை விட்டு நீங்குவதில்லை. தபாலில் அனுப்பியதற்கு நம்மிடம் சான்று இருந்ததில்லை. மின்னஞ்சலிலோ நாளும் மணியும் தாமே பதிவாகின்றன. களவைப் பொறுத்தவரை, அஞ்சப்படும் இக்கருவியே அஞ்சுகிறவருக்குச் சாட்சியாகவும் நிற்கிறது.

வேலை போகும் என்கிறார். இதுதான் எல்லாவற்றிலும் மெய்யான அச்சம். இதனைச் சிறுமனம் என்று கூற எனக்கு உரிமையில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புகிற பெண்ணிடம், துணிந்து பெயரைப் போடு என்று சொல்வது, கரையில் நின்று நீச்சல் கற்பிப்பது போலாகும். ஆனால் இதற்கும் நம் மொழியில் பழகிய வழி உண்டு. அதற்குப் புனைபெயர் என்று பெயர். புனைபெயரில் வெளியாகும் படைப்புக்கும் சட்டத்தின் காப்பு உண்டு. உண்மைப் பெயரை ஆசிரியருக்கு மட்டும் தெரிவித்தால் போதும். அதனைக் காப்பது ஆசிரியரின் மனச்சான்றுக் கடமை. தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்த தியாகராஜன் என்பவரை எத்தனை பேர் அறிவர்? அசோகமித்திரன் என்றால் தமிழுலகம் அறியும். 1952-இல் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்து, 1966-இல் அவ்வேலையை விட்டுவிட்டு, மாதச் சம்பளம் இல்லாத எழுத்து வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டவர் அவர். இந்நகரின் சாதாரண மனிதர்களையே, தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் பெண்களையே எழுதினார். 1996-இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது.

இந்நகரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகம் இருக்கிறது. தணிகாசலம் சாலையில் மணிமேகலைப் பிரசுரம் இருக்கிறது. கண்ணதாசன் சாலையில் கண்ணதாசன் பதிப்பகம் இருக்கிறது. ‘இயேசு காவியம்’ பாடித் தந்த கவிஞரின் பெயரையே அச்சாலை தாங்கி நிற்கிறது. அச்சகோதரி நிற்கும் கடையிலிருந்து இவையெல்லாம் நடந்தே செல்லும் தொலைவுதான். ஆயினும் அவ்வாசல்கள் தமக்கும் உரியவை என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. மின்னஞ்சல் வந்தது அந்த வாசலையும் கடந்து செல்வதற்கே. கடல் கடந்த நாடுகளிலிருந்தெல்லாம் தமிழர்கள் இணைய இதழ்கள் நடத்துகின்றனர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பாலேயே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி எல்லாருக்கும் இலவசமாய்த் தந்துவருகிறது. வாசல் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அதன் முன்னும் பழைய தயக்கத்தையே காவலாக நிறுத்துவது நியாயமா?

இன்னுமொரு மறுப்பு எழும். “இப்போதெல்லாம் இயந்திரமே கட்டுரை எழுதித் தருகிறது, எதை நம்பி வாங்குவது?” என்பர். 2024-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், செயற்கை நுண்ணறிவையும் இதயத்தின் ஞானத்தையும் அருகருகே வைத்துப் பேசினார். என் விடை எளியது. இயந்திரத்துக்குக் குதிகால் கிடையாது. துணிக்கட்டு ஏறிய முக்காலியை அது பார்த்ததில்லை. எழுத்து மலிந்துபோகும் காலத்தில் அரிதாவது சாட்சியம். சாட்சியம் உள்ளவர் அஞ்சி ஒதுங்கினால், அந்த இடம் காலியாயிராது. சாட்சியமற்ற சொற்கள் வந்து நிரப்பிவிடும். ஆகவே ஆசிரியர்கள் முன்னிலும் அதிகமாகத் தேடவேண்டியது இத்தகைய புதியவர்களைத்தான்.

முடிவாக, நம் கத்தோலிக்க இதழ்களின் ஆசிரியர்களுக்கு, இவ்விதழின் ஆசிரியரையும் சேர்த்தே, ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இதழிலும் ஒரு சிறு கட்டம் கட்டி ஐந்து செய்திகளைத் தெரிவியுங்கள்: எத்தனை சொல் வேண்டும், எந்த வடிவில் அனுப்பவேண்டும், எத்தனை வாரத்தில் முடிவு தெரியும், சன்மானம் உண்டா இல்லையா, உரிமை யாருக்கு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஆணையேடு வெளியிட்டது. 1967 முதல் ஆண்டுதோறும் சமூகத் தொடர்பு நாள் கொண்டாடுகிறோம். அன்று மறையுரையில் உலகத் தொடர்பைப் பற்றிப் பேசிவிட்டு, ஆண்டு முழுவதும் ஒரு மின்னஞ்சலுக்கு மறுமொழி தராதிருந்தால், அக்கொண்டாட்டத்துக்கு என்ன பொருள்?

எழுதத் தயங்கும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு சொல். கை நடுங்கட்டும், நடுங்காத கையோடு எழுதியவர் குறைவு. நடுக்கம் பாவமன்று, நடுக்கத்துக்குத் தாழ்ச்சி என்று பெயர் சூட்டி, அதன் நிழலில் நிரந்தரமாய் அமர்ந்துவிடுவதே தவறு. அனுப்பிய நாளைக் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து மரியாதையோடு ஒருமுறை கேளுங்கள். மறுமொழி இல்லையெனில் விலக்கிக்கொள்வதாகத் தெரிவித்துவிட்டு, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். இடையில் அடுத்த கட்டுரையைத் தொடங்குங்கள்.

அச்சகோதரி தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று தம் கட்டுரையை அனுப்பினார். “நீங்களே அழுத்திடுங்க ஐயா” என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நான் மறுத்துவிட்டேன். கோயில் படியில் நின்று, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, தாமே அழுத்தினார். பிறகு கடைக்கு நேரமாயிற்று என்று ஓடினார். இதனை எழுதும் நாள்வரை, நான்கு மாதங்களாகியும், அவ்விதழிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. சென்ற ஞாயிறு அவரைப் பார்த்தபோது, “வேற பத்திரிகைக்கு அனுப்பிட்டேன் ஐயா. ஏழாவது கட்டுரையும் எழுதிட்டேன்” என்றார். அவர் தம் கடமையைச் செய்துவிட்டார். எஞ்சியிருப்பது நம்முடைய கடமை.